போர்ட்ரெய்ட் எடுக்க ட்ரைபாட் வாங்குகிறீர்களா? முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்

வீட்டின் முன்னறையிலோ மொட்டைமாடி அறையிலோ சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட நினைப்பவர்கள், கேமராவையும் லென்ஸையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ட்ரைபாட் மட்டும் கடைசியில், கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு எது வருமோ அதுவாக வந்து சேரும். நான் தேடிய காலத்தில் கிடைத்த ஆலோசனைகளில் பாதி, மலையேறிப் படமெடுப்பவர்களுக்கானவை. இலேசாக இருக்க வேண்டும், பைக்குள் மடங்க வேண்டும், காற்றுக்கு நிற்க வேண்டும் என்று அடுக்குவார்கள். நான்கு சுவருக்குள் ஆளை உட்கார வைத்துப் படமெடுப்பவருக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். கேமரா நெடுவாக்கில் (செங்குத்தாகத் திருப்பி வைத்தால்) அசையாமல் நிற்கிறதா, உயரத்தைச் சட்டென்று மாற்ற வருகிறதா, இருக்கிற அறைக்குள் கால் விரிகிறதா என்பதுதான் அவருடைய கவலை.

அதற்கு முன், உங்களுக்கு ட்ரைபாட் தேவையா என்று பாருங்கள். ஃப்ளாஷ் வைத்து ஷட்டர் 1/160 விநாடியில் எடுப்பவருக்குக் கை நடுக்கம் ஒரு பிரச்சினையே இல்லை, அந்தப் பளிச்சே அசைவை நிறுத்திவிடும். ஆனாலும் ஃபிரேம் நகராமல் இருந்தால் பல வேலைகள் எளிதாகின்றன. கேமராவை விட்டு நகர்ந்து போய்த் துப்பட்டாவைச் சரிசெய்யலாம். வியூஃபைண்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளாமல் எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டே ரிமோட்டை அழுத்தலாம். குடும்பப் படத்தில் தாத்தா கண்ணை மூடியிருந்தால் அடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை எடுத்து ஒட்டலாம். பாஸ்போர்ட் சைஸ் படம் வரிசையாக எடுப்பவருக்கு ட்ரைபாட் இல்லாமல் சிரமம். ஓடியாடும் குழந்தைகளை மட்டுமே எடுப்பவராக இருந்தால் கையில் பிடித்தே எடுங்கள், பணம் மிச்சம்.

எல்இடி லைட்டில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ட்ரைபாட் கேமராவின் அசைவைத்தான் நிறுத்தும், எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. ட்ரைபாட் இருக்கிறதே என்று ஷட்டரை 1/30-க்கு இறக்கினால் சுவர் கூர்மையாகவும் கண் இமை மங்கலாகவும் வரும். 1/125-க்குக் கீழே போகாதீர்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றுங்கள்.

1. அறையை அளந்து எழுதுங்கள்

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டு, நெடுவாக்கில், இடுப்பிலிருந்து தலைவரை ஒரு ஹாஃப் சைஸ் எடுக்க ஏறக்குறைய 8 அடி தூரம் வேண்டும். அதே லென்ஸில் ஃபுல் சைஸ் எடுக்க 15 அடிக்கு மேல். 50 மி.மீ. லென்ஸில் ஃபுல் சைஸுக்கு 9 அடி சொச்சம் போதும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 50 மி.மீ. போட்டால் ஹாஃப் சைஸுக்கு 7 அடி, ஃபுல் சைஸுக்கு 14 அடி.

இது லென்ஸுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள தூரம் மட்டுமே. ஆளுக்குப் பின்னால் திரை வரை குறைந்தது 3 அடி விட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் திரையில் விழும். திரை ஸ்டாண்டுக்கு ஓர் அடி. கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்க 2 அடி. பத்துக்குப் பதினான்கு அறையில் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 8 அடிதான். அதாவது ஹாஃப் சைஸ் வசதியாக வரும். ஃபுல் சைஸ் எடுக்க வேண்டுமானால் கதவைத் திறந்து, ட்ரைபாட்டை வாசலிலோ ஹாலிலோ நிறுத்த வேண்டியிருக்கும்.

சிக்கல் வாசலில்தான் வருகிறது. நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிய ட்ரைபாட்டின் இரண்டு கால்களுக்கு இடையே தரையில் சுமார் 3 அடி இடைவெளி விழும். அறைக் கதவுகளும் பெரும்பாலும் 3 அடிக்குள்தான். ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் இரண்டைக் கூடத்திலும் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் வீட்டு ஆட்கள் அந்தப் பக்கம் நடமாட முடியாது. உங்கள் வேலையில் பாதி இப்படி வாசலில் நடக்கப்போகிறது என்றால், கால்களை இணைக்கும் குறுக்குக் கம்பி இல்லாத, ஒவ்வொரு காலையும் தனித்தனிக் கோணத்தில் வைக்க முடிகிற ட்ரைபாட் மட்டும் வாங்குங்கள். நடுவில் கம்பி வைத்துப் பிணைத்தவற்றில் மூன்று காலும் ஒன்றாகத்தான் விரியும், சுருங்கும்.

தரையையும் பாருங்கள். டைல்ஸ், கிரானைட் தரைக்கு ரப்பர் பாதம் வேண்டும், கூர் முனை வழுக்கும். மாடியில் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்ட அறையாக இருந்தால் யாராவது நடந்தாலே படம் அதிரும். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த ட்ரைபாட்டும் உதவாது, எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டியதுதான்.

2. உயரத்தைக் கணக்கிடுங்கள், நடுத்தண்டைச் சேர்க்காமல்

க்ளோஸ் அப்புக்கு லென்ஸ் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். ஹாஃப் சைஸுக்கு நெஞ்சு மட்டம், ஃபுல் சைஸுக்கு இடுப்பு மட்டம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடியில் இருக்கும். ஐந்தரை அடி ஆள் நின்றால் கண் 5 அடி 2 இஞ்சுக்கு வரும். ஹெட்டின் (காலின் மேல் கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) உயரத்தையும் கேமராவின் அடியிலிருந்து லென்ஸ் மையம் வரையுள்ள உயரத்தையும் கழித்தால், கால்கள் மட்டும் 140 செ.மீ. வரை ஏற வேண்டும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உயரம் நடுத்தண்டை (கால்களுக்கு நடுவே மேலே ஏறும் ஒற்றைத் தண்டு) முழுக்க இழுத்துவிட்டு அளந்தது. கீழே பொடி எழுத்தில் நடுத்தண்டு இல்லாத உயரம் தனியாக இருக்கும், அதைப் படியுங்கள். பயண ட்ரைபாட்களில் அது பலசமயம் 120, 130 செ.மீ.தான் இருக்கும். மிச்சத்தை ஒற்றைத் தண்டின் மேல் ஏற்றினால் கேமரா ஆடும்.

அதற்காக நடுத்தண்டே கூடாது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். போர்ட்ரெய்ட்டில் ஒருவர் எழுந்து நிற்பார், அடுத்தவர் உட்காருவார், நடுவில் குழந்தை ஸ்டூலில் ஏறும். ஒவ்வொரு முறையும் மூன்று காலையும் குனிந்து மாற்ற முதுகு இடம் கொடுக்காது. கால்களை நெஞ்சு மட்டத்தில் நிறுத்திவிட்டு, நாலைந்து இஞ்ச் ஏற்றம் இறக்கத்தை நடுத்தண்டில் பார்த்துக்கொள்வதே நடைமுறை. கைப்பிடி சுற்றி ஏற்றும் பல்சக்கரத் தண்டு இருந்தால் இன்னும் வசதி.

தரையில் தவழும் குழந்தையை அதன் கண் மட்டத்தில் எடுப்பீர்களா? அப்படியானால் குறைந்தபட்ச உயரத்தையும் பாருங்கள். நீளமான நடுத்தண்டு தரையில் முட்டுவதால் பல ட்ரைபாட்கள் ஒன்றரை அடிக்குக் கீழே இறங்காது.

3. ஹெட்டைத் தேர்ந்தெடுங்கள்

பால் ஹெட்டில் ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் திரும்பும், வேகம். மூன்று கைப்பிடி உள்ள பான் ஹெட்டில் ஒவ்வொரு திசையும் தனித்தனி. நேராக வைத்த கேமராவைக் கொஞ்சம் குனிய மட்டும் வைத்தால், பக்கவாட்டில் சாயாது. பாஸ்போர்ட் சைஸ், ஆல்பத்துக்குத் திட்டமிட்ட படங்கள் என்று எடுப்பவருக்குப் பான் ஹெட் நல்லது. ஆளோடு சேர்ந்து நகர்ந்து எடுப்பவருக்குப் பால் ஹெட். அதில் பூட்டும் திருகு, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அடித்தளம் சுழலும் திருகு மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு திருகு மட்டும் இருந்தால், தளர்த்தியதும் கேமரா தொப்பென்று குப்புற விழும், லென்ஸ் விளிம்பு ஹெட்டில் இடிக்கும்.

கல்யாண வீடியோ எடுத்தவர்களிடமிருந்து பழைய ட்ரைபாட் மலிவாகக் கிடைக்கும். கனமாக, அசையாமல் நிற்கும். ஆனால் அதில் இருப்பது ஃப்ளூயிட் ஹெட். மேலே கீழே, இடது வலது திரும்பும், கேமராவை நெடுவாக்கில் சாய்க்க வராது. இதைத் தெரியாமல் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அடுத்துச் சொல்லப்போகும் எல் பிராக்கெட் இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

4. எல் பிராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள்

ஆள் படங்களில் பெரும்பாலானவை நெடுவாக்கு. சாதாரண பிளேட்டில் (கேமராவின் அடியில் திருகி, ஹெட்டில் மாட்டும் தகடு) மாட்டிய கேமராவை 90 டிகிரி சாய்த்தால் மொத்த எடையும் ட்ரைபாட்டின் நடுவிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கும். பிளேட்டைப் பிடித்திருப்பது 1/4 இஞ்ச் திருகு ஒன்றே. லென்ஸின் எடை அதை மெதுவாகத் திருகிக்கொண்டே இருக்கும். கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்துப் பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். புள்ளி மெதுவாகக் கன்னத்துக்கு, அப்புறம் உதட்டுக்கு இறங்கும். மறுபடி ஏற்றி, இறங்கப்போவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் மேலே வைத்து... இப்படி ஒவ்வொரு படத்துக்கும் போராடுவதைவிட எல் பிராக்கெட் ஒன்று வாங்கிவிடலாம்.

அது கேமராவின் அடிப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் தழுவிக்கொள்ளும் உலோகப் பட்டை. நெடுவாக்குக்கு மாற, கேமராவைக் கழற்றிப் பக்கவாட்டில் மாட்டினால் போதும். எடை நடுவிலேயே நிற்கும், லென்ஸ் உயரமும் பெரிதாக மாறாது. உங்கள் கேமரா மாடலுக்கென்று அச்சாகச் செய்ததை வாங்குங்கள். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்பவை பேட்டரி மூடியை மறைக்கும், அல்லது கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளின் துளையை அடைக்கும். 70-200 போன்று காலர் (லென்ஸைச் சுற்றி, ட்ரைபாட்டில் மாட்டும் வளையம்) வைத்த பெரிய லென்ஸ் என்றால் பிராக்கெட் வேண்டாம், காலரைத் தளர்த்திக் கேமராவைச் சுழற்றினாலே போதும்.

பிராக்கெட்டும் ஹெட்டும் ஆர்கா-ஸ்விஸ் என்ற பிளேட் வகையில் இருக்கட்டும். பல கம்பெனிகள் இந்த அளவில் செய்வதால் பிளேட் தொலைந்தால் வேறு எங்கேயாவது கிடைக்கும். மான்ஃப்ராட்டோவின் ஆர்சி2 வகை பிளேட் நல்லதுதான், ஆனால் அது இதில் மாட்டாது. இரண்டு வகையையும் கலந்து வாங்கி வைக்காதீர்கள்.

5. கால்கள்

வீட்டில் வைத்து எடுப்பதற்கு அலுமினியமே போதும். கார்பன் ஃபைபருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எடை குறைவுக்கான விலை. அறைக்குள் எடை உங்களுக்கு உதவியே தவிரத் தொல்லை இல்லை.

மூன்று பாகமாக நீளும் கால்களை எடுங்கள். அவற்றில் மொத்தம் 6 பூட்டுகள். ஐந்து பாகக் கால்களில் 12. மேலும், கடைசிப் பாகம் பென்சில்போல் மெலிந்திருக்கும். கிளிப் பூட்டா, திருகுப் பூட்டா என்பது பழக்கம். மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிவதால் எனக்குக் கிளிப் பிடிக்கும்.

எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் சோதிப்பதில்லை. மிரர்லெஸ் பாடியும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் சேர்ந்து ஒன்றே கால் கிலோவுக்குள் வரும். 70-200 எஃப் 2.8 போட்டால் சிலவற்றில் இரண்டு கிலோவைக்கூடத் தாண்டலாம். உங்கள் கேமரா, லென்ஸ் எடையைப் போல் மூன்று மடங்கு எழுதியிருந்தால் எடுக்கலாம்.

6. ட்ரைபாட் தவிர என்ன இருக்கிறது?

மோனோபாட் (ஒற்றைக் கால் ஸ்டாண்ட்): இடம் போதாத அறைக்கும் வாசலில் நின்று எடுப்பதற்கும் நல்லது. கைவலி குறையும், உயரம் நொடியில் மாறும். விட்டுவிட்டு நகர முடியாது.

ஸ்டுடியோ ஸ்டாண்ட்: சக்கரம் வைத்த அடித்தளம், நட்ட தூண், அதில் ஏறி இறங்கும் கை. ஒரு விரலால் உயரம் மாற்றலாம். சுவிட்சர்லாந்தின் ஃபோபா, இத்தாலியின் மான்ஃப்ராட்டோ செய்கிறார்கள். புதிதாக வாங்க லட்சக் கணக்கில் ஆகும். மூடப்போகும் பழைய ஸ்டுடியோக்களில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் யோகம். தூக்கிக்கொண்டு வரும் முன், தூண் உங்கள் ஃபேன் இறக்கையில் இடிக்காதா, மாடிப்படியில் திரும்புமா என்று அளந்துவிடுங்கள்.

லைட் ஸ்டாண்டில் கேமராவை மாட்டுவது: செய்யாதீர்கள். ஸ்பிகாட் (இணைப்பு முளை) வைத்து மாட்ட முடியும் என்பதற்காக மாட்டக்கூடாது.

பச்சிளம் குழந்தையை மேலிருந்து எடுக்கப் பூம் கம்பி வைத்து, அதன் நுனியில் கேமராவைத் தொங்கவிடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பூட்டையும் நம்பிக் குழந்தைக்கு மேலே கேமராவைத் தொங்கவிடக் கூடாது. மெத்தையைத் தரையில் போட்டு, கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீங்களே நின்று கையில் பிடித்து எடுங்கள். அம்மாவின் கை குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

7. செலவும் காலமும்

பட்ஜெட் போட உதவியாக ஒரு தோராயக் கணக்கு. 1,500 முதல் 2,500 ரூபாய்க்குக் கிடைப்பவை போனுக்கானவை. பிளாஸ்டிக் ஹெட்டைக் கழற்ற முடியாது. போர்ட்ரெய்ட்டுக்கு உருப்படியான அலுமினியக் காலும் பால் ஹெட்டும் சேர்ந்து 7,000 முதல் 12,000 வரை. எல் பிராக்கெட் 1,500 முதல் 3,000. ரிமோட் 500 முதல் 1,500. இரண்டு மணல் பைகள் 1,000-க்குள். ஆகக் கையில் 15,000 இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 8,000 மட்டும் இருந்தால் பழைய கனமான காலை வாங்கி, புது ஹெட் போடுங்கள். காலையும் ஹெட்டையும் இணைக்கும் திருகு பெரும்பாலும் 3/8 இஞ்ச்தான், மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவுக்கு வாடகை விடும் கடைகளில் கேட்கலாம். முகூர்த்த நாட்களில் போனால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் பொருளும் இருக்கும், பேரம் பேசவும் முடியும். பழைய சாமான் வாங்கவும் அதுவே காலம், சீசன் இல்லாத மாதத்தில்தான் பலர் விற்பார்கள்.

வாடகைக் கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலின் மேல் என்ன பொருளை எந்தத் தேதியில் வாடகைக்கு எடுத்தீர்கள் என்று குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முன்பணத்துக்கு ரசீதும், ஏற்கனவே உள்ள கீறல்களுக்கு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே கனமான லென்ஸையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் தரும் கேமராவில் சோதிக்க வேண்டாம்.

கால்களை முழு உயரத்துக்கு ஏற்றி, கேமராவை நெடுவாக்கில் மாட்டுங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் படத்தில்) 10 மடங்கு பெரிதாக்கி, எதிர் அலமாரியில் உள்ள ஒரு விலைச் சீட்டின் எழுத்தில் நிறுத்துங்கள். பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். எழுத்து இடம் நகர்கிறதா? அடுத்து ஒரு காலை விரலால் லேசாகச் சுண்டுங்கள். படம் அதிர்ந்து ஒன்றிரண்டு விநாடியில் அடங்க வேண்டும். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் நடுத்தண்டை இறக்கிவிட்டு மறுபடி சுண்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

எல்லாக் கிளிப்பையும் பூட்டி, மேலிருந்து அழுத்துங்கள். எந்தக் காலாவது உள்ளே வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். பழையது என்றால், கால்கள் கூடும் தோள் பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளேட் இல்லாமல் விற்றால், அந்த பிளேட் இப்போது கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.

பில்லில் காலுக்கும் ஹெட்டுக்கும் மாடல் பெயர் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘கேமரா ஆக்சசரீஸ்’ என்று பொதுவாகப் போட்ட பில்லோடு வாரண்டிக்குப் போனால் அலைக்கழிப்பார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தன் எண்ணைப் பில்லில் போட்டு வாங்கினால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரால் முடியாது. ஸ்டுடியோவுக்குச் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் கேட்கிறீர்கள் என்றால், கேமராவோடு ட்ரைபாட், பிராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கொட்டேஷனாக வாங்கி வங்கியில் கொடுங்கள். அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். பிறகு தனியாக இதற்கென்று கேட்பது சிரமம்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இதே சோதனையை வந்த அன்றே செய்யுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு ஒரு வாரத்தில் முடிந்துவிடலாம். சில பொருட்களுக்கு மாற்றுப் பொருள்தான் தருவார்கள், பணம் வராது. ஆர்டர் போடும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

9. வீட்டில் நிறுத்தும்போது

ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே, ஆளைப் பார்த்து இருக்கட்டும். கேமராவின் எடை அந்தப் பக்கம்தான். நீங்கள் பின்னிரண்டு கால்களுக்கு நடுவே தட்டாமல் நிற்கலாம். கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளை ஒரு காலோடு சேர்த்துக் கட்டுங்கள். யாராவது தடுக்கினால் கேமராவின் துளை பிழைக்கும்.

மணல் பையை ட்ரைபாட்டின் கொக்கியில் தொங்கவிட்டால், அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஃபேன் காற்றில் ஊசலாடி அதுவே ஆட்டும். கேமரா வாரையும் கழற்றிவிடுங்கள். நல்ல இடம் அமைந்ததும் மூன்று பாதத்தைச் சுற்றியும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த லென்ஸுக்கான இடம் என்று அதன்மேல் எழுதுங்கள்.

காலின் தோள் திருகுகள் மாதங்கள் போகப் போகத் தளரும். பெட்டியோடு வரும் சின்ன ஆலன் கீயைத் தூக்கி எறியாமல், ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் காலிலேயே மாட்டி வையுங்கள். காலை விரித்துவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், தானாக மடங்கினால் அந்தத் திருகை அரைச் சுற்று முடுக்கினால் போதும்.